நெருங்கி வளரும் நகரில் பொதுவெளி: வாசகர் கேள்வி பதில்

நகரங்கள் நெருங்கி வளரும்போது பூங்கா, சதுக்கம், நடைபாதை ஆகியவற்றின் கதி என்ன என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். முதல் கேள்வியைப் பலரும் கேட்டிருந்ததால் அதற்கு அதிக இடம் போயிருக்கிறது.

எங்கள் பகுதியில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. குடும்பங்கள் பல மடங்காகிவிட்டன; தெருவோ அதே தெரு. பூங்கா அமைக்க இனி நிலத்துக்கு எங்கே போவது? காலம் கடந்துவிட்டதா?
*(குடியிருப்போர் சங்க உறுப்பினர் ஒருவர்)*

காலம் கடந்துவிடவில்லை, மலிவான வழிதான் கைநழுவிவிட்டது. மக்கள்தொகை பெருகுவதற்கு முன்பே தெருக்களையும் திறந்தவெளிகளையும் வரைந்து, அவற்றைப் பொது உடைமையாகப் பதிவுசெய்த பிறகு மனைகளைப் பிரிப்பதே செலவு குறைந்த முறை. நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. மனைகள் முதலில் பிரிக்கப்படுகின்றன, சாலை அடுத்து வருகிறது, எவரும் வாங்க முன்வராத முக்கோணத் துண்டும் பள்ளமான மூலையும் கடைசியில் பூங்காவாக அறிவிக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட இடம் வரைபடத்தில் பச்சை நிறம் பெறுமே ஒழிய, அங்கே போய் உட்கார யாருக்கும் தோன்றாது.

வரைபடத்தில் இருப்பது வேறு, சட்டப்படி பொதுமக்களுக்கு உரியதாக இருப்பது வேறு. இதற்குப் பார்சிலோனா நல்ல சான்று. 1859-இல் பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா வகுத்த விரிவாக்கத் திட்டத்தில், பக்கத்துக்கு ஏறத்தாழ 113 மீட்டர் கொண்ட சதுரத் தொகுதிகளில் (நான்கு தெருக்களுக்கு நடுவே அடங்கும் கட்டடப் பரப்புகளில்) இரண்டு அல்லது மூன்று பக்கங்களில் மட்டுமே கட்டடம் வரவேண்டும்; நடுப்பகுதி தோட்டமாக இருக்கவேண்டும். ஆனால் அந்தத் தோட்ட நிலம் தனியார் மனைகளுக்குள்ளேயே இருந்தது. நிலத்தின் விலை ஏற ஏற நான்கு பக்கங்களும் அடைக்கப்பட்டன. நடுமுற்றங்களில் பட்டறைகளும் கிடங்குகளும் முளைத்தன. மேலே தளங்கள் கூட்டப்பட்டன. 1980-களின் பிற்பகுதியிலிருந்துதான் நகராட்சி அந்த முற்றங்களுள் சிலவற்றை மீட்டுப் பொதுத் தோட்டங்களாகத் திறந்துவருகிறது. ஒரு காலத்தில் வெறும் நிபந்தனையாலேயே காப்பாற்றியிருக்கக்கூடிய நிலத்தைப் பின்னால் பேரம் பேசியும் விலை கொடுத்தும் பெறவேண்டியதாயிற்று.

உங்கள் பகுதிக்கு வருவோம். புதிதாக நிலம் வாங்குவதைப் பற்றி யோசிப்பதற்கு முன், ஏற்கெனவே பொதுமக்களுக்குச் சொந்தமான நிலம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொல்வேன். அந்தக் கணக்கில் தெருவே முதலிடம் பிடிக்கும். ஒரு நகரின் பொது நிலத்தில் மிகப் பெரும் பங்கு தெருக்களாகவே இருக்கிறது. அதில் பெரும் பகுதியை ஓடும் வாகனங்களும் நிற்கும் வாகனங்களும் எடுத்துக்கொள்கின்றன. நாள் முழுவதும் அசையாமல் நிற்கும் ஒரு கார் அடைத்திருக்கும் இடத்தில் ஒரு மரமும் ஒரு நீளப் பலகையும் தாராளமாக அடங்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கோபன்ஹேகன் நகரம் 1962-இல் தன் முதன்மைக் கடைத்தெருவான ஸ்ட்ரோயெட்டில் வாகனங்களைத் தடைசெய்தபோது, வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று வணிகர்கள் எதிர்த்தார்கள். அந்தக் குளிர்நாட்டில் தெருவில் யார் உலாவப் போகிறார்கள் என்ற ஏளனமும் எழுந்தது. ஆனால் அந்தத் தெரு நிலைத்தது, வணிகமும் நிலைத்தது. அடுத்த நான்கு பத்தாண்டுகளில் நகர மையத்தில் வாகனமற்ற பரப்பு ஏறத்தாழ 6 மடங்காகியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், வாகன நிறுத்துமிடங்களை ஆண்டுக்குச் சிறிதளவாகக் குறைத்துக்கொண்டே போனதுதான் அந்த நகரின் சாமர்த்தியம் என்று நான் கருதுகிறேன். பழக்கத்தை மெல்ல மாற்றினால் எதிர்ப்பும் அடங்கிவிடுகிறது.

பார்சிலோனா 2016-இல் போப்லெநவ் பகுதியில் வேறொரு வழியைச் சோதித்தது. ஒன்பது தொகுதிகளை ஒரே அலகாகச் சேர்த்து, கடந்து செல்லும் போக்குவரத்தைச் சுற்றுச்சாலைகளுக்குத் திருப்பிவிட்டு, உட்தெருக்களில் அங்கே குடியிருப்போரின் வாகனங்கள் மட்டும் மெதுவாகச் செல்ல அனுமதித்தது. முதலில் பெயின்ட் கோடுகளும் தொட்டிச் செடிகளுமே இருந்தன, கண்டனமும் கிளம்பியது. மரங்களும் இருக்கைகளும் விளையாட்டுத் திடல்களும் படிப்படியாக வந்தன. நியூயார்க்கும் 2009-இல் டைம்ஸ் சதுக்கத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டுப் பார்த்த பிறகே நிரந்தரக் கட்டுமானத்துக்குச் சென்றது. உங்கள் சங்கம் நகராட்சியிடம் முதலில் கேட்கவேண்டியதும் இத்தகைய தற்காலிகச் சோதனையைத்தான். தோற்றால் கோடுகளை அழித்துவிடலாம்; வென்றால் அதையே சான்றாகக் காட்டலாம்.

அடுத்தது நிறுவன வளாகங்கள். பள்ளி மைதானம் மாலையிலும் விடுமுறையிலும் பூட்டிக் கிடக்கிறது. பாரிஸ் நகரம் 2018 முதல் பள்ளி முற்றங்களில் தார்ப் பரப்பைப் பெயர்த்து மண்ணும் மரமும் கொண்டுவந்து, அவற்றுள் சிலவற்றை வார இறுதியில் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடுகிறது. பாதுகாப்புக்கும் துப்புரவுக்கும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் முடிவுசெய்யாமல் இதில் இறங்கக் கூடாது. இல்லாவிட்டால் முதல் கண்ணாடி உடைந்த அன்றே தலைமையாசிரியர் கதவைப் பூட்டிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசியாகச் சிறு மனைகள். நியூயார்க்கில் 1967-இல் திறக்கப்பட்ட பேலி பூங்கா 400 சதுர மீட்டரைக்கூட எட்டாது. மூன்று பக்கமும் உயர்ந்த சுவர்கள். ஆயினும் பின்சுவரில் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் தெருவின் இரைச்சலை மறைக்கிறது, மெல்லிய இலைகள் கொண்ட மரங்கள் வெளிச்சத்தை வடிகட்டித் தருகின்றன, நாற்காலிகளை விரும்பிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவில் நடப்பவர் நான்கைந்து படிகள் ஏறினால் உள்ளே இருப்பார். இதைப் பார்த்துக் கிடைக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் பூங்காவாக்கிவிடலாம் என்று எண்ணவேண்டாம். நடமாட்டமுள்ள தெருவை ஒட்டி இருப்பதே சிறு பூங்காவின் உயிர். கட்டடங்களின் பின்புறத்தில் ஒளிந்திருக்கும் துண்டு நிலம் ஓராண்டுக்குள் குப்பை மேடாகிவிடும்.

ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும்? இதற்கு ஏதேனும் நிர்ணயிக்கப்பட்ட அளவு உண்டா?
*(கல்லூரி மாணவி)*

அளவுகோல்கள் பல உண்டு. நகர்ப்புற நிலத்தில் 30 முதல் 35 விழுக்காடு தெருக்களுக்கும், 15 முதல் 20 விழுக்காடு மற்றப் பொதுத் திறந்தவெளிகளுக்கும் ஒதுக்கப்படவேண்டும் என்று ஐ.நா. வாழ்விடத் திட்ட அமைப்பு பரிந்துரைக்கிறது. வீட்டிலிருந்து 400 மீட்டர் நடைக்குள் ஒரு பொதுவெளி இருக்கிறதா என்று பார்ப்பது அதே அமைப்பு கையாளும் இன்னோர் அளவு. டச்சு வனவியலாளர் செசில் கோனைனென்டைக் 2021-இல் முன்வைத்த விதி ஒன்று அண்மையில் பரவலாகப் பேசப்படுகிறது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்களாவது கண்ணில் படவேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 விழுக்காடு பரப்புக்கு மர நிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமைவெளி வேண்டும்.

தலைக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற கணக்கில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஒரு ஹெக்டேர் பூங்காவைச் சுற்றி 5,000 பேர் வாழ்ந்தால் தலைக்கு 2 சதுர மீட்டர். அதே பகுதி நெருங்கி 10,000 பேரானால் 1 சதுர மீட்டர். கணக்குப்படி நிலைமை பாதியாகச் சீர்கெட்டுவிட்டது. ஆனால் முன்பு நண்பகலில் வெறிச்சோடிக் கிடந்த பூங்கா இப்போது எந்நேரமும் ஆள் நடமாட்டத்துடன் இருக்கலாம்; பாதுகாப்பு கூடியிருக்கலாம்; பக்கத்தில் ஒரு நூலகமோ சிற்றுண்டிக் கடையோ பிழைக்கும் அளவுக்கு மக்கள் சேர்ந்திருக்கலாம். மறுபுறம், நகர எல்லையில் உள்ள பெரிய காட்டுப் பூங்கா ஒன்று நகரின் சராசரியை ஒரேயடியாக உயர்த்திவிடும். நடுவில் நெரிசலில் வாழும் குழந்தைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. எனவே சராசரியைக் கேட்காதீர்கள். எந்த வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் நடக்கவேண்டும், வழியில் எத்தனை பெருஞ்சாலைகளைக் கடக்கவேண்டும் என்று கேளுங்கள். நெருக்கம் கூடும்போது பொதுவெளியின் பரப்பு கூடவேண்டியது உண்மைதான். அதைவிட வேகமாகக் கூடவேண்டியது அதன் தாங்கும் திறன். இருக்கைகள், கழிப்பறை, குடிநீர், நிழல், துப்புரவுப் பணியாளர் எண்ணிக்கை எல்லாம் அதில் அடங்கும்.

தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுச் சதுக்கமாக விட்டால் கூடுதல் தளங்கள் கட்டிக்கொள்ளலாம் என்று கட்டுமான நிறுவனத்துக்குச் சலுகை தருகிறார்கள். இது மக்களுக்கு இலாபமா, நட்டமா?
*(ஓய்வுபெற்ற பொறியாளர்)*

இரண்டு விதமாகவும் முடிந்திருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதப்படுகிறது, பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த ஏற்பாட்டின் தாய்வீடு நியூயார்க். எந்தப் பகுதியில் எவ்வளவு கட்டலாம் என்று வரையறுக்கும் 1961-ஆம் ஆண்டின் மண்டல விதிகளின்படி, மிக நெருக்கமான பகுதிகளில் ஒரு சதுர அடி சதுக்கத்துக்குப் பதிலாக 10 சதுர அடி கூடுதல் தளப்பரப்பு கிடைத்தது. கோபுரங்களின் காலடியில் சதுக்கங்கள் வரிசையாகத் தோன்றின. பலவற்றில் யாரும் உட்காரவில்லை. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் அவற்றைப் படக்கருவி கொண்டு மணிக்கணக்காகப் பதிவுசெய்து ஆராய்ந்தார். சதுக்கத்தின் வடிவமோ, பரப்போ, அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதோ கூட்டத்தைத் தீர்மானிக்கவில்லை. உட்கார இடம் எவ்வளவு இருந்தது என்பதே பெருமளவு தீர்மானித்தது. இவ்வளவு எளிய உண்மைக்கு ஓர் ஆராய்ச்சியா என்று தோன்றலாம். ஆனால் சுவர் விளிம்புகளில் கூர்முனைகளைப் பதித்து, எவரும் உட்காராதபடி பார்த்துக்கொண்ட உரிமையாளர்களின் காலம் அது. தெருமட்டத்திலிருந்து மிகவும் தாழ்ந்தோ உயர்ந்தோ அமைந்த சதுக்கங்களை மக்கள் தவிர்த்தார்கள் என்பதையும் அவர் கண்டார். 1975-இல் விதிகள் திருத்தப்பட்டு, சதுக்கத்தின் பரப்புக்கு ஏற்ற இருக்கை நீளம், மரங்கள், தெருவோடு உள்ள தொடர்பு ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன.

அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. ஹார்வர்ட் பேராசிரியர் ஜெரால்ட் கெய்டனும் நியூயார்க் நகர அமைப்புத் துறையும் சேர்ந்து நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகையில் உருவான 503 வெளிகளில் 41 விழுக்காடு பயனற்றவை அல்லது மிகக் குறைந்த பயனுள்ளவை எனத் தெரியவந்தது. சில இடங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். சிலவற்றில் உணவகங்கள் மேசைகளைப் போட்டு ஆக்கிரமித்திருந்தன. கூடுதல் தளங்கள் மட்டும் ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை.

ஆகவே உங்கள் நகரில் இத்தகைய சலுகை முன்மொழியப்பட்டால், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சிலவற்றை எழுத்தில் கோருங்கள். திறந்திருக்கும் நேரம், இருக்கைகளின் நீளம், தெருமட்டத்திலேயே நுழைவு, "இது பொதுவெளி, எவரும் வரலாம்" என்று தெருவிலிருந்து படிக்கக்கூடிய பலகை, ஆண்டாய்வு, மீறினால் அபராதம். இவை இல்லையென்றால் அந்தச் சலுகைக்குப் பதிலாக நிதியைப் பெற்று நகராட்சியே வேறிடத்தில் பூங்கா அமைப்பது மேல். நேரம் குறித்த நிபந்தனை எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. 2011-இல் வால் தெருப் போராட்டக்காரர்கள் தங்கிய ஸூகாட்டி பூங்கா தனியாருக்குச் சொந்தமானது. 24 மணி நேரமும் திறந்திருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு அதற்கு இருந்ததால்தான், இரவில் மூடப்படும் நகராட்சிப் பூங்காக்களில் முடியாத ஒன்று அங்கே இரண்டு மாதங்கள் வரை நீடித்தது.

பூங்காவைச் சுற்றி வேலி வேண்டுமா, வேண்டாமா?
*(வாசகர்)*

வேகமாக வாகனம் ஓடும் சாலையை ஒட்டிச் சிறு குழந்தைகள் விளையாடும் பகுதிக்கு வேண்டும். மற்ற இடங்களில் பார்வையை மறைக்காத தாழ்வான விளிம்பே போதும்; நுழைவாயில்களின் எண்ணிக்கை கூடுவதே முக்கியம்.

எங்கள் பகுதிப் பூங்காவில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள். என் மகள் பத்து வயதுக்குப் பிறகு அங்கே போவதையே நிறுத்திவிட்டாள். விளக்குகளைக் கூட்டினால் மட்டும் இது மாறுமா?
*(தாய் ஒருவர்)*

விளக்கு தேவை, போதாது. உங்கள் மகளைப் போன்ற சிறுமிகளைப் பற்றியே வியன்னா நகரம் 1990-களில் ஆராய்ந்தது. ஏறத்தாழ 9 வயதுக்குப் பிறகு பூங்காவுக்கு வரும் சிறுமிகளின் எண்ணிக்கை சரிந்ததையும், சிறுவர்களிடம் அத்தகைய சரிவு இல்லாததையும் அந்த ஆய்வு காட்டியது. பூங்காவில் பெரிய ஒற்றைத் திடல் இருந்தால் அதை வலுவான கூட்டம் கைப்பற்றிக்கொள்கிறது. இடத்துக்காகச் சண்டையிட வேண்டிய நிலை வந்தால் சிறுமிகள் விலகிவிடுகிறார்கள். எனவே 1999 முதல் அந்நகரின் ஐந்தாம் மாவட்டத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். திறந்த பரப்பு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, கைப்பந்து போன்ற வேறு ஆட்டங்களுக்கு இடம் வந்தது, பாதைகள் தெளிவாக்கப்பட்டன. மாற்றத்துக்குப் பிறகு சிறுமிகள் திரும்பி வந்தார்கள். சிறுவர்களை யாரும் துரத்தவும் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பொதுவெளியை நடுவிலிருந்து வடிவமைக்காமல் விளிம்பிலிருந்து வடிவமைக்கவேண்டும் என்பதே. மனிதர்கள் இயல்பாகவே ஓரத்தை நாடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஏதேனும் துணை, கண்ணுக்கு எதிரே நடமாட்டம், எழுந்து போக எளிதான வழி என்று மூன்றும் அமைந்த இடத்திலேயே அமர்கிறார்கள். ஒரே வாயில் கொண்ட, உயரமான புதர்கள் சூழ்ந்த பூங்காவில், உள்ளே வந்தவர் வெளியேற வேறு வழி இல்லை என்பதைப் பெண்கள் நுழைவதற்கு முன்பே கணித்துவிடுகிறார்கள். உங்கள் பூங்காவைச் சுற்றியுள்ள கட்டடங்களின் கீழ்த்தளத்தையும் பாருங்கள். வாகன நிறுத்தச் சுவர்களாக இருந்தால் அங்கிருந்து பூங்காவைப் பார்க்கும் கண்களே இல்லை. கடை, மருந்தகம், படிப்பகம், வீட்டுவாசல் என்று ஏதேனும் இருந்தால் காவலருக்கு வேலை குறையும். இது அடுக்குமாடி அனுமதியின்போதே விதிக்கவேண்டிய நிபந்தனை. கட்டிமுடித்த பிறகு சுவரை உடைத்துக் கடை வைக்கச் சொல்ல முடியாது.

அழகாகத் திறந்துவைக்கிறார்கள், இரண்டே ஆண்டில் பாழாகிறது. பராமரிப்புக்குத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் என்ன?
*(வங்கி ஊழியர்)*

கொடுத்துச் சிறந்தவையும் உண்டு. நியூயார்க்கின் பிரயன்ட் பூங்கா 1970-களில் போதைப்பொருள் வணிகத்துக்குப் பேர்போன இடம். தெருவைவிட உயர்ந்த மட்டமும் அடர்ந்த புதர்வேலியும் உள்ளே நடப்பதை மறைத்தன. 1988-இல் மூடி, வேலியை அகற்றி, வாயில்களைக் கூட்டி, நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போட்டு 1992-இல் திறந்தார்கள். இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று அதைச் சுற்றுவட்டாரக் கட்டட உரிமையாளர்களின் பங்களிப்பு, வாடகை, நிகழ்ச்சி வருவாய் ஆகியவற்றைக் கொண்டு நடத்துகிறது. கழிப்பறைகூட அங்கே புகழ்பெற்றது. ஆனால் 1993 முதல் 2010 வரை ஆண்டுதோறும் ஆடை அலங்கார வாரத்துக்கான கூடாரங்கள் அந்தப் புல்வெளியை வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டதும் அதே வருவாய்க் கணக்கினால்தான். விலையுயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த இடத்தில் இந்த முறை ஓடும். எளிய மக்கள் வாழும் பகுதிப் பூங்காவுக்குப் பங்களிப்புத் தர யார் இருக்கிறார்கள்? எனவே ஒரு சில பூங்காக்களுக்கு வேண்டுமானால் சரி, நகரம் முழுவதற்குமான விடை இது அன்று.

பராமரிப்புச் செலவை வடிவமைப்பின்போதே கணக்கிடாததே பெரும்பாலான பாழுக்குக் காரணம். தென்கொரியாவின் சியோல் நகரில் மேம்பாலச் சாலையை இடித்து 2003 முதல் 2005 வரையிலான பணியில் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு மீட்கப்பட்ட சங்கேச்சன் ஓடையை உலகமே பாராட்டுகிறது, நானும் பாராட்டுகிறேன். ஆனால் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி இயற்கையாக வருவதன்று. ஹான் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் டன் நீர் இயந்திரங்களால் ஏற்றப்படுகிறது. அந்த மின்கட்டணத்தை ஆண்டுதோறும் கட்ட ஆயத்தமான நகரம் அதைச் செய்தது. நீரூற்றுக்கு அடிக்கல் நாட்டும் ஒவ்வொரு நகராட்சியும் பத்தாவது ஆண்டின் மின்கட்டணத்தை யார் கட்டுவார் என்று முதலில் எழுதிவைக்கட்டும். எழுத முடியாவிட்டால் நிழல்தரும் மரங்களும் கல் இருக்கைகளும் போதும்; அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம்.

புதிய குடியிருப்பு வளாகத்தில், நிலத்தடி வாகன நிறுத்தத்தின் கூரைமேல் "அடர்ந்த பூங்கா" வரும் என்று விளம்பரப் படத்தில் காட்டுகிறார்கள். அங்கே பெரிய மரங்கள் வளருமா?
*(வீடு வாங்கவிருப்பவர்)*

தளத்தின்மேல் எத்தனை ஆழத்துக்கு மண் போடுகிறார்கள் என்று கேளுங்கள். புல்லுக்கு ஒரு சாண் மண்ணே போதும். நிழல் தரும் மரத்துக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழமும், வேர் பரவ அகலமும் வேண்டும். மழையில் நனைந்த மண் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் எடையுள்ளது, ஆக 1.2 மீட்டர் மண் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 2 டன்னுக்கு மேல் சுமக்கவேண்டும். கார் நிறுத்தும் தளம் சாதாரணமாக அதில் கால்பங்கு எடைக்கும் குறைவாகவே கணக்கிடப்படுகிறது. எனவே தூண்களையும் கூரையையும் வடிவமைக்கும்போதே இந்தச் சுமையைச் சேர்த்திருக்கவேண்டும். பிறகு சேர்க்க இயலாது. கட்டமைப்பு வரைபடத்தில் அந்தப் பகுதிக்கான சுமையளவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், படத்தில் உள்ள மரங்கள் தொட்டிச் செடிகளாகவே வரும் என்று வைத்துக்கொள்ளலாம். மனை முழுவதையும் அடைக்காமல், நிலத்தடித் தளம் இல்லாத ஒரு பகுதியை இயற்கை மண்ணாகவே விட்டிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். மழைநீர் இறங்குவதற்கும் பெரிய மரம் நிற்பதற்கும் அந்தப் பகுதியே உதவும்.